புரட்டாசிச் சுத்தத்தில் வெளியே வரும் பழைய போன்: விற்பதா, கொடுப்பதா, மறுசுழற்சிக்குப் போடுவதா?

புரட்டாசி பிறக்கும் முன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தமிழ் வீடுகளில் பெரிய சுத்தம் நடக்கும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் எங்கே போனாலும் அந்த நாட்களில் திரைச்சீலைகள் கொடியில் தொங்கும், அலமாரிகள் சுவரை விட்டு நகர்ந்து நிற்கும். அப்போது இழுப்பறைகளின் அடியிலிருந்து தவறாமல் வெளிவருபவை பழைய போன்கள். கான்ட்ராக்ட் முடிந்து அப்கிரேடு செய்தபோது கழற்றிப் போட்டது ஒன்று, திரை நொறுங்கியது ஒன்று, யாருடையது என்றே தெரியாதது ஒன்று. கூடவே சிக்கிக் கிடக்கும் சார்ஜர் ஒயர்கள், திறக்காத லேப்டாப், மை காய்ந்த பிரிண்டர், மின்வெட்டுக் காலத்தில் அவசரமாக வாங்கிய ரீசார்ஜ் விளக்குகள். தூசி தட்டிவிட்டு அதே இழுப்பறையில் திரும்ப வைப்பார்கள். இல்லையென்றால் கறுப்புப் பையில் போட்டு வாசலில் வைப்பார்கள். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபத்தில் பழைய மின்பொருள்களைச் சேகரித்துப் பிரிக்கும் வேலைக்குக் கைகொடுத்து வருகிறேன். மேசையில் வந்து குவிவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: விற்பதா, கொடுப்பதா, மறுசுழற்சிக்கு அனுப்புவதா என்பதை அந்தப் பொருளின் நிலைமைதான் முடிவு செய்ய வேண்டும். கொடுப்பவருக்கு எது மனநிறைவு தரும் என்று பார்த்து முடிவு செய்தால், குப்பையைத் தானம் என்ற பேரில் இன்னொருவர் தலையில் கட்டுவதில் போய் முடிகிறது. அது அடிக்கடி நடக்கிறது, நல்ல மனசு உள்ளவர்களாலேயே நடக்கிறது.

ஆறப் போடுவதால் என்ன நஷ்டம்

"இருக்கட்டும், எப்போதாவது உதவும்" என்று வைத்திருக்கும் போன் சும்மா இருப்பதில்லை. அதன் விலை இறங்கிக்கொண்டே இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வரும் காலமும் கரைகிறது. சாம்சங் எஸ்24, கூகுள் பிக்சல் 8 போன்றவற்றுக்கு 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாக உற்பத்தியாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நம் இழுப்பறைகளில் கிடப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தையவை. மலிவான ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அப்டேட் நின்றுவிட்டது. வாங்கிய இரண்டாம் ஆண்டில் கைமாறியிருந்தால் ஒரு மாணவருக்கு மூன்று ஆண்டுகள் உழைத்திருக்கும் போன், ஐந்தாண்டு இழுப்பறைவாசத்துக்குப் பிறகு யாருக்கும் உதவாது.

மூன்றாவது விஷயம் பேட்டரி. லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் உள்ளே கெட்டுப்போகிறது, சில உப்பவும் செய்கின்றன. உப்பிய போனைக் கண்டுபிடிப்பது எளிது. பின்மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். திரைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழையும். சமதளமான மேசையில் மல்லாக்க வைத்து விரலால் தள்ளினால் வயிறு தரையில் பட்டுச் சுழலும். அப்படி ஒன்று கிடைத்தால் சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து, வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வையுங்கள். ஒப்படைக்கும்போது "இது உப்பியிருக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லித் தனியாகக் கொடுங்கள்.

கறுப்புப் பை

குப்பைப் பையில் போடுவதை ஒரு வழியாகவே எண்ணக் கூடாது. தேசிய அளவில் 2013 ஆகஸ்ட் 23இல் வந்த விதிமுறைகள் எட்டாண்டு அவகாசம் தந்தன. 2021 ஆகஸ்ட் 23 முதல் மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதற்குத் தடை இருக்கிறது. லாரியில் குப்பையை நசுக்கும்போது லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பற்றும், அந்த லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு போகும் தொழிலாளிக்கு அது தெரியாது. நகராட்சியின் ஆரஞ்சுப் பையும் இதற்கானதில்லை. அது காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும்தான்.

சட்டத்தை விட்டுத் தள்ளினாலும் குப்பைமேடு என்றால் என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளேர் எஸ்டேட்டில், இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் வாழ்ந்த வீடுகளை ஒட்டி, 1980இல் பிசாசர் ரோடு குப்பைமேடு திறக்கப்பட்டது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய குப்பைமேடுகளில் ஒன்றாக அது வளர்ந்தது. அதை மூடச் சொல்லிப் பல ஆண்டுகள் போராடிய சஜிதா கான், அந்த மேட்டுக்கு எதிரே இருந்த வீட்டில் வாழ்ந்தவர். 2007இல் புற்றுநோயால் இறந்துபோனார். தன் நோய்க்கு அந்தக் குப்பைமேடுதான் காரணம் என்று கடைசிவரை நம்பினார். இன்று பிசாசர் மூடப்பட்டுவிட்டது. ஆனால் நகரத்தின் குப்பை எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். வெருலத்தை அடுத்த பஃபல்ஸ்ட்ராய்க்கு ஏராளமாகப் போகிறது. நாம் வாசலில் வைக்கும் கறுப்புப் பை யாரோ ஒருவருடைய வீட்டுப் பக்கம்தான் போய்ச் சேர்கிறது.

பழுதுபார்த்து வைத்துக்கொள்வது

எல்லாவற்றிலும் மலிவானதும் நல்லதும் இதுதான், பேசப்படுவது குறைவு. ஒரு போனால் பூமிக்கு ஏற்படும் சுமையில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே ஏற்பட்டுவிடுகிறது. பயன்படுத்தும் மின்சாரம் அதற்குப் பக்கத்தில் கூட வராது. ஆகவே இன்னும் இரண்டு வருடம் ஓட்டினால் அதுவே பெரிய காரியம். "ஸ்லோ ஆயிடுச்சு" என்று ஓரங்கட்டப்படும் போன்களில் பலவற்றுக்குத் தேவை புது பேட்டரிதான். செட்டிங்ஸில் பேட்டரி ஆரோக்கியம் 80 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் மாற்றலாம். கிரே ஸ்ட்ரீட் பக்கத்துக் கடைகளில் உட்கார வைத்தே மாற்றித் தருகிறார்கள். திரை உடைந்திருந்தால் மட்டும் கணக்குப் பாருங்கள். அதே மாடல் பழையதாக விற்கும் விலையில் பாதிக்கு மேல் செலவு கேட்டால் விட்டுவிடலாம். அப்டேட் நின்றுபோன போனில் பேங்க் ஆப் வைத்துக்கொள்ளாதீர்கள், வேறு எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பூஜை அறையில் தேவாரம் கேட்கவும் குழந்தைக்குக் கதை போடவும் அது போதும்.

விற்பது

போன் நல்ல நிலையில், மூன்று நான்கு வயதுக்குள் இருந்தால் விற்பதில் எந்தத் தவறும் இல்லை. காசு கொடுத்து வாங்குபவர் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார், பொருள் வீணாவதில்லை. இலவசமாகக் கிடைத்த லேப்டாப் மூலையில் கிடப்பதையும், கஷ்டப்பட்டு வாங்கிய பழைய லேப்டாப் உறை போட்டுக் காக்கப்படுவதையும் பார்த்திருக்கிறேன். விற்ற பணத்தை நல்ல காரியத்துக்குக் கொடுக்க விரும்பினால் அதுவும் தானம்தான்.

விற்க மூன்று இடங்கள் உண்டு. ஐஸ்டோர், வோடகாம் போன்ற இடங்களில் பழையதைக் கொடுத்துப் புதியதில் கழித்துக்கொள்ளலாம். விலை குறைவாகக் கிடைத்தாலும் தலைவலி இல்லை. கேஷ் க்ரூசேடர்ஸ், கேஷ் கன்வர்ட்டர்ஸ் போன்ற பழைய பொருள் கடைகளில் உடனே பணம் கைக்கு வரும், ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் பேரம் பேசத் தயாராக இருங்கள். அங்கே உங்கள் அடையாள அட்டையைக் கேட்பது சந்தேகப்பட்டு இல்லை. திருட்டுப் பொருள் கைமாறாமல் இருக்க 2009ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகச் சட்டம் அப்படிப் பதிவு செய்யச் சொல்கிறது. ஃபேஸ்புக்கிலும் கம்ட்ரீ விளம்பரத் தளத்திலும் நேரடியாக விற்றால் விலை கூடக் கிடைக்கும், ஆபத்தும் கூடத்தான். முன்பின் தெரியாதவரை வீட்டுக்கு வரச் சொல்லாதீர்கள். கூட்டமுள்ள மால் உள்ளே, பகலில், துணையோடு சந்தியுங்கள். பணம் கணக்கில் வந்ததை உங்கள் பேங்க் ஆப்பிலேயே பாருங்கள், அவர் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்ப வேண்டாம்.

எந்த இடமானாலும் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் பக்கம் இருந்தால் அந்த எண் திருட்டுப் போன்களின் கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கொடுப்பது

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். என் அளவுகோல் ஒன்றே: இதை நாளைக்கு என் சொந்தத் தங்கைக்குக் கொடுப்பேனா? கொடுப்பேன் என்றால் தானம், மாட்டேன் என்றால் மறுசுழற்சி. வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கும் தோட்டம் பார்க்கும் அண்ணனுக்கும் அதே அளவுகோல்தான்.

போனுக்கு முதல் சோதனை வாட்ஸ்அப். இந்த நாட்டில் வேலைக்குக் கூப்பிடுவதும், பள்ளிக்கூடம் தகவல் அனுப்புவதும், கிராமத்தில் இருக்கும் தாயோடு பேசுவதும் அதில்தான். 2025 நிலவரப்படி ஆண்ட்ராய்டு 5க்குக் கீழே இருந்தால் அது ஓடாது. ஐபோனில் ஐஓஎஸ் 15.1 வேண்டும், அதாவது ஐபோன் 6 போய்விட்டது, 6எஸ் தப்பியது. இரண்டாவது சோதனை 4ஜி. 2ஜி, 3ஜி சேவைகளை நிறுத்த அரசு திட்டமிட்டு வருவதால், அவை மட்டுமே தெரிந்த போனைக் கொடுத்தால் சீக்கிரமே ஊமையாகிவிடும். மூன்றாவது, முழுச் சார்ஜ் போட்டால் ஒரு பகல் பொழுதாவது தாங்க வேண்டும். இவற்றோடு வேலை செய்யும் சார்ஜரும் சேர்த்துக் கொடுங்கள். சார்ஜர் இல்லாத போனை வாங்கியவர் முதல் நாளே கடைக்கு ஓட வேண்டியிருக்கும். இன்னொன்றும் கணக்கில் இருக்கட்டும்: 2025 ஏப்ரல் முதல் 2,500 ரேண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த 9 சதவீத ஆடம்பர வரி எடுக்கப்பட்டுவிட்டது. புத்தம் புது மலிவு போனே எட்டும் விலைக்கு வருகிறது. அதோடு போட்டி போட முடியாத பழசைக் கொடுத்து என்ன பயன்?

பள்ளிக்கூடங்களுக்கு போன் வேண்டாம், கணினி வேண்டும். ஆனால் "கம்ப்யூட்டர் கொடுத்தோம்" என்று சொல்லிக்கொள்வதற்கும் பிள்ளைகள் அதில் படிப்பதற்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. பூட்டிய ஜன்னல் கம்பிக்குள் ஓர் அறை வேண்டும், திருட்டு பயம் அப்படி. பழுதானால் பார்க்க ஒருவர் வேண்டும். ஒரே மாதிரி இயந்திரங்களாக இருந்தால் உதிரிபாகம் மாற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டு வீட்டிலிருந்து பன்னிரண்டு வகை லேப்டாப் போனால் அவை பண்டகசாலையில்தான் முடங்கும். எனவே முதலில் தலைமையாசிரியரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பிறகு மூட்டை கட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லும் பள்ளியை மதியுங்கள். பழைய தடித்த டிவி, மை கிடைக்காத பிரிண்டர் இவற்றை எந்தப் பள்ளிக்கும் கொண்டுபோகாதீர்கள். அவற்றை அப்புறப்படுத்தும் செலவும் பாடும் அந்தப் பள்ளியின் தலையில் விழுகிறது.

இப்போது கணினி நிறைய வெளியே வருவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்புகள் ஒரே நாளில் கெட்டுப்போய்விடவில்லை, அவற்றின் உடம்பு நன்றாகவே இருக்கிறது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால் பள்ளிப்பாடம், இணையம், கடிதம் எழுதுவது எல்லாம் சீராக ஓடும். ஹார்டு டிஸ்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டி மாற்றினால் வேகம் கண்ணெதிரே கூடும். நம் சபைகளிலும் கோயில்களிலும் கணினி தெரிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அவர்கள் உட்கார்ந்தால் ஒரு வகுப்பறைக்கு ஆகும். இதைத்தான் தானத்தில் உயர்வாக நினைக்கிறேன்: பொருளோடு உழைப்பும் சேர்ந்து போகிறது.

பெண்கள் காப்பகங்களுக்கு போன் நிஜமாகவே தேவைப்படும். கணவன் கையில் இல்லாத, அவன் கண்காணிக்க முடியாத ஒரு போன் அங்கே பாதுகாப்புக்கே வழி. அதனாலேயே அதை முழுக்க அழித்து, பழைய கணக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல், இருப்பிடம் காட்டும் எந்தச் செயலியும் இல்லாமல் கொடுப்பது கடமை. காப்பகத்தின் முகவரியைக் கேட்டு நச்சரிக்காதீர்கள், அவர்கள் சொல்லும் இடத்தில் ஒப்படையுங்கள்.

கடை, அலுவலகம் நடத்துபவர்கள் மொத்தமாகக் கொடுத்தால், வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்பா என்று கேட்டு வரிச்சலுகைக்கான ரசீது வாங்குங்கள். பொருளாகக் கொடுத்ததற்கும் அந்த ரசீது உண்டு.

பக்கியில் வரும் ஸ்க்ராப்காரர்

பக்கி என்று நாம் சொல்லும் சின்னச் சரக்கு வண்டியில் தெருவில் மணியடித்துக்கொண்டோ கூவிக்கொண்டோ வருபவரை இழிவாகப் பார்ப்பவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. தென்னாப்பிரிக்காவில் மறுசுழற்சி இவ்வளவாவது நடப்பது பல்லாயிரம் குப்பை சேகரிப்பாளர்களின் முதுகில்தான். சம்பளமும் கையுறையும் இல்லாமல் நகரத்துக்கு உழைக்கிறார்கள். அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, இரும்புக் கட்டில், அலுமினியச் சட்டி இவற்றைத் தாராளமாக அவரிடம் கொடுங்கள், நியாயமான வருமானம் அவருக்கு.

போன், லேப்டாப், கேபிள், பழைய டிவி இவற்றை மட்டும் கொடுக்காதீர்கள். காரணம் அவருடைய உடம்பு. கேபிளின் பிளாஸ்டிக் உறையை உரிக்க நேரமாகும், எரித்தால் செம்பு உடனே கிடைக்கும். அந்தப் பிவிசி பிளாஸ்டிக் புகையில் டயாக்சின் என்ற நச்சு இருக்கிறது. அது எரிக்கிறவர் நுரையீரலுக்கும் பக்கத்தில் விளையாடும் குழந்தைக்கும் போகிறது, சாம்பல் மண்ணில் தங்குகிறது. பழைய குழாய் டிவியின் கண்ணாடியில் கிலோ கணக்கில் ஈயம் உண்டு. செம்புச் சுருளுக்காக அதை உடைத்துவிட்டுக் கண்ணாடியைக் கால்வாயில் விட்டுப் போவதைப் பார்க்கலாம். ஃபிரிட்ஜ் விஷயத்திலும் கம்ப்ரசர் குழாயை வெட்டினால் உள்ளே இருக்கும் வாயு காற்றில் போய்விடும். சில ரேண்டுக்காக அவரை அந்தப் புகையில் நிறுத்தும்படி நாம் பொருள் கொடுக்க வேண்டாம்.

மறுசுழற்சித் தொட்டி

மிச்சமுள்ள எல்லாவற்றுக்கும் இதுதான் இடம். தானத்துக்கு ஒரு படி கீழே என்று இதை நினைக்கக் கூடாது. உயிர் போன போனுக்கு இதுவே மரியாதையான முடிவு. மேக்ரோ, இன்கிரெடிபிள் கனெக்‌ஷன் போன்ற பெரிய கடைகள் மின்கழிவுத் தொட்டிகள் வைத்து வந்திருக்கின்றன. எல்லாக் கிளைகளிலும் எப்போதும் இருக்கும் என்று எண்ணாமல், புறப்படும் முன் கூப்பிட்டுக் கேளுங்கள், எதை எடுப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பிக் அண்ட் பே கடைகள் பலவற்றில் பழைய பல்புக்கும் சின்ன பேட்டரிக்கும் பெட்டி இருக்கும். 2021 மே 5 முதல், மின்பொருள் தயாரிப்பவரும் இறக்குமதி செய்பவரும் அவற்றின் ஆயுள் முடிந்த பிறகும் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எனவே வாங்கிய கடையிலேயே "பழையதை எடுத்துக்கொள்வீர்களா" என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. அடிக்கடி கேட்டால்தான் அவர்களும் ஏற்பாடு செய்வார்கள்.

தொட்டியில் போட்டது எங்கே போகிறது? ஒழுங்கான நிலையத்தில் முதலில் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைக்கிறார்கள். பிறகு பிரித்து, நொறுக்கி, காந்தத்தால் இரும்பையும் வேறு முறைகளில் அலுமினியத்தையும் செம்பையும் பிரிக்கிறார்கள். மதிப்பெல்லாம் சர்க்யூட் பலகையில்தான். பெல்ஜியத்தின் ஹோபோக்கனில் இருக்கும் யுமிகோர் போன்ற உருக்காலைகள் அந்தப் பலகைகளிலிருந்து தங்கமும் வெள்ளியும் பல்லேடியமும் எடுக்கின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் கணக்குப்படி 10 லட்சம் போன்களில் சுமார் 34 கிலோ தங்கம், 350 கிலோ வெள்ளி, 15 கிலோ பல்லேடியம், 16 டன் செம்பு கிடைக்கும். கார்லெட்டன்வில்லுக்குப் பக்கத்தில் இம்போனெங் சுரங்கத்தில் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழத்துக்குள், பாறையே சுடும் வெக்கையில், ஆட்கள் இறங்கித் தங்கம் தோண்டுகிற நாடு இது. அப்படி உயிரைப் பணயம் வைத்து எடுத்த உலோகத்தை இழுப்பறையிலும் குப்பைமேட்டிலும் போட்டு வைத்திருக்கிறோம். உலகம் முழுக்க 2022இல் 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குப் போனதாகப் பதிவு.

போடும் முன் கழற்ற முடிந்த பேட்டரியைக் கழற்றி, முனைகளில் செல்லோடேப் ஒட்டுங்கள். கழற்ற முடியாததை நெம்பாதீர்கள், அப்படியே கொடுங்கள். கண்ட இணைய விளம்பரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கே பிரிக்கிறீர்கள், பேட்டரியை என்ன செய்கிறீர்கள், கழிவு உரிமம் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்பவரிடம் கொடுங்கள்.

கைமாறும் முன் அழிக்க வேண்டியவை

எந்த வழியானாலும் இது பொது. எங்கள் மேசைக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் திறந்தால் படங்கள், பேங்க் செய்திகள், அடையாள அட்டையின் புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம்பிக் கொடுக்கிறார்கள், நன்றி. ஆனால் நம்பிக்கையை நம்பி இதைச் செய்யாதீர்கள்.

வரிசை முக்கியம். முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பைப் புதுப் போனுக்கு மாற்றிவிட்டுப் பழையதில் வெளியேறுங்கள். பேங்க் ஆப்பில் இணைத்த சாதனங்கள் பட்டியலில் பழைய போனை நீக்குங்கள். அதன்பின் கூகுள் கணக்கை, ஐபோனானால் ஐகிளவுடையும் "ஃபைண்ட் மை"யையும் வெளியேற்றுங்கள். கடைசியாகத்தான் ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் அடுத்தவர் கையில் பூட்டிக்கொள்ளும், பழைய கடவுச்சொல் இல்லாமல் திறக்காது. நல்ல போன்கள் பல இந்த ஒரே காரணத்தால் மறுசுழற்சிக்குப் போவதைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள், போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் இருந்தால் அழியுங்கள். ரிக்கா சட்டப்படி அந்த எண் உங்கள் பேரில் பதிவானது. அதை வைத்து யார் என்ன செய்தாலும் விசாரணை உங்கள் வாசலுக்கு வரும்.

சமீப ஆண்டுகளில் வந்த போன்களில் உள்ளடக்கம் குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால் ரீசெட் போதும். கணினியின் பழைய ஹார்டு டிஸ்கில் ஃபைலை அழிப்பதும் சாதாரண ஃபார்மேட்டும் போதாது. அதன் மேல் ஒருமுறை முழுக்க எழுதி அழிக்கும் மென்பொருள் வேண்டும், அல்லது டிஸ்கைக் கழற்றித் துளை போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். மருத்துவர், கணக்காளர், வழக்கறிஞர் அலுவலகங்களுக்கு இது விருப்பத்தைப் பொறுத்ததில்லை. 2013ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், போப்பியா என்று நாம் சொல்வது, வாடிக்கையாளர் தகவலை மீட்க முடியாதபடி அழிக்கச் சொல்கிறது. அவர்கள் மறுசுழற்சி நிலையத்திடம் அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

இறந்தவரின் போனுக்கு இந்த வரிசையில் இன்னொரு படி முன்னால் இருக்கிறது. ஒரு பாட்டி தாத்தாவின் போனை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்காமலே நின்றார். "அவர் குரல் இதுலதான் இருக்கு மகனே" என்றார். பேத்தியிடம் சொல்லி வாட்ஸ்அப் குரல் பதிவுகளை வேறு இரண்டு இடங்களில் நகல் எடுத்த பிறகுதான் வாங்கினோம். துக்கம் முடிந்த கையோடு அவசரப்பட்டு அழிக்க வேண்டாம். ஆனால் கடவுச்சொல் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே நகல் எடுத்துவிடுங்கள், பேட்டரி போன பிறகு அந்தக் குரலை எடுப்பது மிகவும் சிரமம்.

என் முடிவுகள்

நான்கு வயதுக்குள் இருக்கும் போன், நன்றாக இருந்தால் விற்பேன், அல்லது பெயர் தெரிந்த ஒருவருக்கு நேரில் கொடுப்பேன். வாட்ஸ்அப் ஓடாத, 4ஜி இல்லாத, பூட்டிக்கொண்ட போன் எதுவானாலும் தொட்டிக்குத்தான். பத்து வயதுக்குள் இருக்கும் லேப்டாப்பை லினக்ஸ் போட்டுப் பார்த்த பிறகே கைவிடுவேன். பள்ளிக்குக் கொடுப்பதென்றால் கேட்ட பள்ளிக்கு, கேட்ட எண்ணிக்கையில் மட்டும். டிவி, பிரிண்டர் இரண்டையும் தானமாகக் கொடுப்பதில்லை, நேரே மறுசுழற்சிக்கு. ஒயர்களை ஒரு பையில் சேர்த்து அதே தொட்டிக்கு எடுத்துப் போவேன்.

மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2023இல் வீடு வீடாக வாங்கிய இன்வர்ட்டர் பேட்டரிகளும் இனி வரிசையாக வெளியே வரும், அவற்றின் பாதை வேறு. ஜெல், ஈய அமில வகையானால் பேட்டரிக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஈயத்துக்கு விலை உண்டு என்பதால் பழையதை வாங்கிக்கொள்வார்கள், புதியதன் விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். லித்தியம் வகையானால் போட்டுக் கொடுத்த நிறுவனத்தையே கூப்பிட்டுக் கழற்றி எடுத்துப் போகச் சொல்லுங்கள். நீங்களாகத் திறந்து செல்களைப் பிரிக்காதீர்கள், மழையில் நனையும் இடத்தில் வைக்காதீர்கள், ஸ்க்ராப்காரரின் பக்கியில் ஏற்றாதீர்கள்.